இலைக் கணக்கு: மும்பையில் ஒரு கல்யாணச் செலவு பிரிந்த விதம்

2025 மே மாதக் கடைசியில், வைகாசி முகூர்த்தத்தில், மும்பையில் நடந்த ஒரு கல்யாணத்தின் செலவுக் கணக்கு இது. பெண் வீடு சயானில், பூர்வீகம் தென்காசிப் பக்கம். பிள்ளை வீடு முலுண்டில், பூர்வீகம் மயிலாடுதுறைப் பக்கம். பெண்ணும் பிள்ளையும் ஐரோலியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகியவர்கள். சமூகம் வேறு, வழக்கமும் வேறு. பெற்றோர் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் சம்மதித்தார்கள். அது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், செம்பூர்வாசி. இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவன் என்பதால் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சமரசம் பேசுவதற்கென்று யாரும் கூப்பிடவில்லை, ஆனால் கடைசியில் அதுவும்தான் நடந்தது. இரு வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சயான் வீடு, முலுண்டு வீடு என்றே போகட்டும்.

முன்பணத்தில் தொடங்கிய மௌனம்

தை பிறந்ததும் பெண்ணின் அண்ணன் மண்டபம் தேடப் போனார். மும்பையில் தமிழ்க் கல்யாணத்துக்குத் தோதான மண்டபம், அதாவது அக்னி வளர்க்க விடுகிற, நம் சமையல்காரரை உள்ளே விடுகிற, மாட்டுங்காவிலிருந்து பூவும் வாழையிலையும் நேரத்துக்கு வந்து சேர்கிற தூரத்தில் இருக்கிற மண்டபம், அதிகம் கிடையாது. இருக்கிற கொஞ்சமும் வைகாசிக்கு மாசியிலேயே போய்விடும். ஒன்றரை நாள் வாடகை 2,40,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 43,200. ஆக 2,83,200. பாதியை முன்பணமாகக் கட்டினால்தான் தேதி நிற்கும் என்றார்கள். அண்ணன் அன்றைக்கே 1,41,600 ரூபாயைத் தன் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, ரசீதைப் படமெடுத்து இரண்டு வீட்டு வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டார்.

எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். மூன்று வாரம் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு வீடும் இரண்டு விதமாக முடிவு செய்துகொண்டிருந்தன. சயான் வீட்டு வழக்கப்படி நிச்சயம் பெண் வீட்டுச் செலவு, கல்யாணத்தை நடத்துவது பிள்ளை வீடு. ஆகவே, அவசரத்துக்கு நாம் கட்டியதை அவர்கள் தந்துவிடுவார்கள் என்று இவர்கள் காத்திருந்தார்கள். முலுண்டு வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர்: கல்யாணம் பெண் வீடு, வரவேற்பு பிள்ளை வீடு. மண்டபத்தைப் பெண் வீடு முந்திக்கொண்டு பிடித்ததை, "நம்ம வழக்கப்படியே செய்யறாங்க, நல்ல மனுஷங்க" என்று அவர்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா என்னிடம் சொன்னது: "அண்ணாச்சி, எங்க பக்கம் கல்யாணம்னா அது மாப்ள வீடு நடத்துறதுதான். நாங்க நிச்சயம் பண்ணுவோம், சீர் செய்வோம். ஒன்றரை லட்சம் கட்டிட்டு உக்காந்திருக்கோம், ஒரு வார்த்தை கேக்கல."

பிள்ளையின் அப்பா சொன்னது: "பொண்ணு வீட்டுல கல்யாணம், எங்க வீட்டுல ரிசப்ஷன். இது தெரியாமலா சார் அட்வான்ஸ் கட்டினாங்க?"

இருவரும் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே சமூகத்துக்குச் சமூகம், சில இடங்களில் ஆற்றுக்கு இக்கரை அக்கரை என்றுகூட இந்த வழக்கம் மாறும். ஒரே சமூகத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்த காலத்தில் யாரும் இதைப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சமூகம் தாண்டிய கல்யாணத்தில் முதலில் உடைவது இந்தப் பேசாத ஏற்பாடுதான். அதிலும் இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்தால் மண்டபச் செலவு யார் தலையிலும் விழாது.

பாதிப் பாதி

பிள்ளையின் அக்கா தானே வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர். அவர்தான் மௌனத்தை உடைத்தார். "வழக்கத்தை விடுங்க. மொத்தத்தையும் கூட்டிப் பாதிப் பாதி போட்டுக்கலாம்." அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தானே செய்கிறார்கள்.

கூட்டினோம். முதல் மதிப்பீடு 15,78,000 ரூபாய். பாதி என்றால் ஆளுக்கு 7,89,000. இதில் நகை, பட்டு, சீர் எதுவும் சேரவில்லை. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

தகராறு விருந்தினர் பட்டியலில் வந்தது. வரவேற்புக்குச் சயான் வீட்டார் 190 பேர். முலுண்டு வீட்டார் 480 பேர். சாப்பாட்டு ஒப்பந்தக்காரர் வரவேற்புக்கு ஒரு தட்டுக்கு 650 ரூபாய் பேசியிருந்தார். பெண்ணின் அண்ணன் கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அவங்க கூடுதலாக் கூப்பிடுற ஒவ்வொருத்தருக்கும் நாங்க 325 ரூபாய் தர்றோம். சரி. மொய் மட்டும் தனித்தனி நோட்டா?"

கேள்வி குத்தலாக இருந்தாலும் சரியான கேள்வி. முலுண்டு அப்பா மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக அந்த வட்டாரத்துத் தமிழர் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட்டதில்லை. எங்கே எவ்வளவு எழுதினார் என்பதற்கு நோட்டு வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை 480 என்பது ஆடம்பரமே இல்லை, தான் போய்ச் சாப்பிட்ட வீடுகளின் பட்டியல் அது. அவர்கள் எழுதப்போகும் மொய்யும் வருமானம் இல்லை, இவர் முன்பே போட்டு வைத்தது திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் திரும்பி வருவது முழுக்க அவருக்கு வருகிறது, அதை வாங்க ஆகும் சாப்பாட்டில் பாதி சயான் வீட்டுக்குப் போகிறது.

செலவு பொதுவாகவும் அழைப்பு தனியாகவும் இருந்தால் பட்டியல் நீளத்தான் செய்யும். யாரும் கெட்ட எண்ணத்தோடு நீட்டுவதில்லை. "இன்னும் பத்துப் பேர்தானே" என்று தோன்றும்போது அதன் விலையில் பாதிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கட்டத்தில் வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. ஒன்று, நிகழ்ச்சிவாரியாகப் பிரிப்பது: முகூர்த்தம் பெண் வீடு, வரவேற்பு பிள்ளை வீடு. மண்டபம் ஒன்று, மேடை ஒன்று, நாதஸ்வரம் இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பேசியது என்பதால் எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. இன்னொன்று, வசதிக்குத் தக்கபடி 40க்கு 60. சயான் அப்பா தனியார் பட்டறையில் வேலை பார்த்தவர், பென்ஷன் கிடையாது. வருங்கால வைப்பு நிதியில் வந்ததை வீட்டுக் கடனில் கட்டிவிட்டார். ஆகவே அக்கா இதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சயான் அப்பா உடனே மறுத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் காரணம் சொன்னார்: "குறைச்சுக் குடுத்தா குறைச்சுத்தான் பேசுவாங்க அண்ணாச்சி. என் பொண்ணு அங்க போயி இருக்கணும்."

இது வறட்டு கௌரவம் என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வசதியைப் பார்த்துப் பங்கு போடுவது அண்ணன் தம்பிக்குள் சரி வரும். புதிதாகச் சம்பந்தம் செய்கிற இரண்டு வீட்டுக்கு நடுவில், சதவீதமாக எழுதி வைத்தால் அது கடைசிவரை எழுத்தாகவே நிற்கும்.

பிள்ளையின் சித்தப்பா ஒருவர் ஊரிலிருந்து தொலைபேசியில் சட்டம் பேசினார். "பொண்ணு கல்யாணச் செலவு அப்பன் பொறுப்புன்னு சட்டமே சொல்லுது." அரைகுறை உண்மை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தில், மணமாகாத மகளின் பராமரிப்பு என்பதற்குள் அவளுடைய கல்யாணத்துக்கான நியாயமான செலவும் அடங்கும் என்று இருக்கிறது. ஆனால் அது மகள் தன் தகப்பனிடம் கேட்கக்கூடிய உரிமை. சம்பந்தி வீடு எடுத்துக் காட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. இதை நான் சொன்னதும் சித்தப்பா வேறு வேலை வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பவுன்

இங்கேதான் பேச்சு ஆபத்தான இடத்துக்குப் போனது. பிள்ளையின் அத்தை, மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தவர், நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்டார்: "அது சரி, பொண்ணுக்கு எத்தனை பவுன் போடறேள்ன்னு சொல்லவே இல்லையே?"

சயான் அப்பா இதற்குத் தயாராக இருந்தார். "35 பவுன். அதைப் பாத்துட்டு மண்டபத்தையும் சாப்பாட்டையும் நீங்க எடுத்துக்கிட்டா சரியா இருக்கும்."

கேட்பதற்குப் புத்திசாலித்தனமான பதில்போல இருக்கும். நான் நிறுத்தச் சொன்னேன். அத்தை கேட்டது கேட்கக் கூடாத கேள்வி. இவர் சொன்ன பதில் அதைவிடச் சிக்கலானது. கல்யாணத்தை ஒட்டி, கல்யாணத்துக்காகக் கொடுக்கப்படும் சொத்தோ மதிப்புள்ள பொருளோ 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்துக்குள் வரக்கூடும். கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. கொடுத்தாலும் வாங்கினாலும் ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை, சிறப்புக் காரணம் காட்டினால்தான் நீதிமன்றம் குறைக்கலாம். யாரும் கேட்காமல், வழக்கப்படி, கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சாமல் பெண்ணுக்குப் போடும் நகைக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைப் பட்டியலாக எழுத வேண்டும்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, அடியில் மணமக்கள் கையெழுத்து. 1985இல் வந்த விதிகள் இவை. அந்த வருஷமே, பெண்ணுக்குப் போட்டது அவளுடைய தனிச் சொத்து, கணவன் வீட்டில் இருந்தாலும் அவர்கள் அதற்கு வெறும் காப்பாளர்கள்தான் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்போது அப்பாவின் பதிலைத் திரும்பப் பாருங்கள். மகளுக்குப் போடும் நகையை மண்டப வாடகைக்கு எதிராக வரவு வைக்கிறார். அப்படி வைத்தால் நகை யாருடையது? பிள்ளை வீடு அதற்கு ஈடாக மண்டபம், சாப்பாடு என்று 9 லட்சத்துக்கு மேல் செலவு செய்துவிட்டது என்றால், நாளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது "அதுக்குத்தான் நாங்க அவ்வளவு செலவு பண்ணோமே" என்று நகைப் பெட்டியைக் காட்டிப் பேச ஒரு பிடி கிடைக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பெண்ணுக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு இருக்க முடியாது.

கணக்காகப் பார்த்தாலும் அபத்தம். அந்த ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. 35 பவுன் என்றால் 24,50,000. கல்யாணத்தின் மொத்தச் செலவே 16 லட்சத்துக்குள். நகையை உள்ளே இழுத்தால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அப்புறம் எந்தப் பங்கீட்டுக்கும் அர்த்தமில்லை.

முலுண்டு அப்பா அத்தையைப் பார்த்து, "நாங்க எதுவும் கேக்கலை அக்கா, இனிமேயும் கேக்கப் போறதில்லை" என்று ஒரே வரியில் முடித்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்த நேரம் அது. பெண் அதற்கும் மேலே ஒன்று செய்தாள். வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது 22 பவுன். மீதி 13 பவுனை அப்பா கடன் வாங்கி எடுப்பதாக இருந்தார். 13 பவுன், 9,10,000 ரூபாய். கல்யாணத்தில் அவர் பங்கைவிட அதிகம். "22 போதும்ப்பா. கடன் வாங்கினா நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன்" என்றாள். நகை கணக்கிலிருந்து வெளியே போனது. பட்டு, கூறைப்புடவை, சீர்த்தட்டு ஆகியவையும் அவரவர் விருப்பம், யாரும் யாரையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

இலைக் கணக்கு

மிச்சமிருந்த செலவைப் பிரிக்க நான் சொன்னது ஒரே ஒரு விதி. யாருடைய தீர்மானத்தால் செலவு கூடவோ குறையவோ செய்யுமோ, அவருடைய செலவு அது. யார் நினைத்தாலும் குறைக்க முடியாதது மட்டும் பாதிப் பாதி.

மண்டபம் 600 பேர் வந்தாலும் 400 பேர் வந்தாலும் அதே வாடகை. நாதஸ்வரம் 45,000, புரோகிதரும் பூஜைச் சாமானும் 25,000. இந்த மூன்றும் பொது. கூட்டினால் 3,53,200, ஆளுக்கு 1,76,600. மண்டபத்தில் சயான் வீடு முன்பே கட்டியது சரியாகப் பாதி என்பதால், மீதி 1,41,600 ரூபாயை முலுண்டு வீடு கட்டினால் போதும். மூன்று வார மௌனம் இப்படி ஒரு வரியில் தீர்ந்ததில் எல்லாருக்கும் கொஞ்சம் வெட்கம்.

சாப்பாடு இலைக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் நம் வழக்கம். அதனால் பங்கும் இலைப்படியே. யார் அழைத்தவர் எத்தனை பேரோ, அத்தனை இலை அவர் கணக்கில்.

இதைச் சொன்ன ஒரு வாரத்தில் முலுண்டுப் பட்டியல் 480இலிருந்து 360 ஆனது. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பல வருஷமாகப் பேச்சே இல்லாத வீடுகளையும், குடும்பத்தோடு கூப்பிட்டிருந்த பழைய அலுவலக நண்பர்களையும் அவரே அடித்தார். பாதி விலையில் அவசியமாகத் தெரிந்த 120 பேர் முழு விலையில் அப்படித் தெரியவில்லை. அதில் மட்டும் 78,000 ரூபாய் குறைந்தது, மொத்தம் 15,00,000க்கு வந்தது.

சயான் பட்டியலை முடிக்க வைத்தது ரயில்வே. தென்காசிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு தாதர்–திருநெல்வேலி வண்டியிலோ நாகர்கோவில் வண்டியிலோ இடம் பிடிக்க வேண்டும். முன்பு 120 நாளுக்கு முன் எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். கோடை விடுமுறை வேறு. முன்பதிவு திறக்கிற நாளுக்குள் யார் வருகிறார்கள் என்று பெயரோடு வயதோடு தெரிந்தாக வேண்டும். "பாப்போம், சொல்றோம்" என்று வழக்கமாக இழுக்கிற சொந்தங்கள் மார்ச் மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கணக்கு கடைசியில் இப்படி நின்றது.

வரவேற்பு: 550 தட்டு, 650 ரூபாய் வீதம். சயான் 190, முலுண்டு 360.
காலை டிபன்: 250 இலை, 250 ரூபாய் வீதம். சயான் 140, முலுண்டு 110.
முகூர்த்தச் சாப்பாடு: 400 இலை, 550 ரூபாய் வீதம். சயான் 220, முலுண்டு 180.

ஆக மொத்தம் 6,40,000 ரூபாயில் சயான் வீட்டுக்கு 2,79,500, முலுண்டு வீட்டுக்கு 3,60,500. ஊரிலிருந்து வருபவர்களைத் தங்க வைக்கும் அறையும் வண்டியும் அவரவர் பாடு: சயான் 1,10,000, முலுண்டு 50,000. பத்திரிகையும் தாம்பூலப் பையும் அவரவர் எண்ணிக்கைக்கு: 33,000, 43,800. மேடை அலங்காரம் 1,40,000, போட்டோ வீடியோ 1,30,000 ஆகிய இரண்டும் பெண்ணும் பிள்ளையும் தேர்ந்தெடுத்தவை, பெரியவர்களுக்கு அதில் அபிப்பிராயமே கிடையாது. அதனால் அந்த 2,70,000 அவர்கள் இருவருடையது.

சயான் வீடு 5,99,100. முலுண்டு வீடு 6,30,900. மணமக்கள் 2,70,000.

கவனித்தீர்களா, இரண்டு வீட்டுக்கும் நடுவில் வித்தியாசம் 31,800 ரூபாய்தான். "இதுக்கா இத்தனை பேச்சு, பாதிப் பாதின்னே போட்டிருக்கலாமே" என்று முலுண்டு அம்மா கேட்டார். முதல் மதிப்பீட்டில் பாதி போட்டிருந்தால் சயான் வீடு 7,89,000 தந்திருக்கும், அதில் எது தன் விருந்தாளிக்கு, எது யாரோ ஒருவருக்கு என்று தெரியாமலே.

பெண்ணின் பணம்

கணக்கு முடிந்தது என்று நினைத்தபோது பிள்ளையின் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "அங்கிள், அந்த 5,99,100 எங்கேர்ந்து வருது?"

சயான் அப்பா தயங்கினார். 2,50,000 பெண்ணின் சேமிப்பிலிருந்து. மீதி 3,49,100 தன் கைப்பணமும், முடியப்போகும் ஒரு சீட்டும். முலுண்டு வீட்டின் 6,30,900 முழுக்க அப்பாவின் ஓய்வுக்காலப் பணம், பிள்ளையிடமிருந்து ஒரு காசு இல்லை.

அக்கா கூட்டிக் காட்டினார். மணமக்கள் பங்கில் பாதி 1,35,000. அப்பா வழியாக 2,50,000. ஆக, பெண் தருவது 3,85,000. அவள் அப்பா தருவதைவிட அதிகம். பிள்ளை தருவது 1,35,000. இரண்டு பேரும் ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே சம்பளம்.

பெண் வீட்டுச் செலவு, பிள்ளை வீட்டுச் செலவு என்று இரண்டு தலைப்பு போட்டதும் நிறைய விஷயம் அடியில் மறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளம் வருஷக்கணக்காக வீட்டுக்குள் போய், கல்யாணத்தில் அப்பாவின் பெயரில் வெளியே வருகிறது. பிள்ளையின் சம்பளம் அவன் பெயரிலேயே இருக்கிறது. இது இந்த ஒரு வீட்டுக் கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

சயான் அப்பாவுக்கு மனசு நொந்தது. "எம் பொண்ணு காசு என் காசு இல்லையா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பிள்ளை, "மாமா, அது உங்க வீட்டு விஷயம், நான் பேசலை. மேடையும் போட்டோவும் நானே பாத்துக்கறேன்" என்றான். 2,70,000 முழுக்க அவன் கணக்கு. இப்போது பெண் 2,50,000, பிள்ளை 2,70,000.

அதே உட்காரலில் பெண்ணின் அண்ணன், பாதி விளையாட்டாக, "இவ்வளவு செஞ்சாச்சு, நாளைக்கு வீட்டுல பங்கு கேக்கக் கூடாது பாத்துக்க" என்றார். விளையாட்டாகச் சொல்வதுதான் பின்னால் வினையாகிறது என்பதால் அங்கேயே சொல்லி வைத்தேன். சயான் வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், அவர் உயிலில் யாருக்கும் எழுதலாம். எழுதாமல் போனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. கல்யாணச் செலவு என்று அதில் கழிவு கிடையாது. அண்ணன் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

ரொக்கமும் ரசீதும்

சாப்பாட்டு ஒப்பந்தக்காரர் ரொக்கமாகத் தந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அலங்காரக்காரரும் அதே பாட்டு. 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டம் ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது. வாங்கியவருக்கு வாங்கிய அளவே அபராதம். நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். மாட்டுவது அவர்தான், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அதில் வேறு நஷ்டம்: ரசீது இல்லாவிட்டால் இலைக்கணக்கே கிடையாது.

ஆகவே பொதுக் கணக்கு, பொது உண்டியல் எதுவும் வேண்டாம் என்று முடிவானது. ஒவ்வொரு வீடும் தன் பங்கைக் கடைக்காரருக்கு நேராக வங்கி வழியாக அனுப்பியது. ஒருவர் வாங்கி இன்னொருவருக்குத் தருவது என்ற பேச்சே எழவில்லை. சம்பந்தி கையில் பணம் எண்ணிக் கொடுக்கிற அந்தச் சங்கடம் இருக்கிறதே, அதை மிச்சப்படுத்தியதுதான் இதில் பெரிய லாபம் என்று முலுண்டு அப்பாவே பின்னால் சொன்னார்.

அன்றைக்கு நடந்தது

சாப்பாட்டுக் கூடத்தில் வீட்டுக்கு ஒரு பையனை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் போட்ட இலையை எண்ணி, ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியோடு சீட்டில் கையெழுத்து. வரவேற்பில் எடுத்து வைத்த தட்டு, மீந்த தட்டு என்று எண்ணினார்கள்.

முகூர்த்தத்துக்கு 372 இலைதான் விழுந்தது, ஆனால் உறுதி கொடுத்த 400க்கும் பணம் தந்தாக வேண்டும். வரவேற்பில் 585 தட்டு. கூடுதல் 35, ரூபாய் 22,750. வந்த ஆளைப் பார்த்து இது யார் வீட்டு ஆள் என்று பந்தியில் கேட்க முடியாது. கூடினால் வரவேற்புப் பட்டியலின் விகிதத்தில், 190க்கு 360 என்று பிரிப்பதாக முன்பே எழுதியிருந்ததால் சயான் வீட்டுக்குச் சுமார் 7,860, முலுண்டு வீட்டுக்குச் சுமார் 14,890 வந்தது. அந்த 35 பேரும் முலுண்டு ஆட்கள்தான் என்று சயான் அப்பாவுக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அடித்துவிட்ட 120 பேரில் சிலர் கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள் என்று நானும் நினைக்கிறேன்.

பரிசுப் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, வரவேற்புக்கு மறுவாரம் மணமக்கள் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். 22 பவுனும் அதில் அப்பா பெயரில், அம்மா பெயரில், தாய்மாமன் பெயரில் என்று பிரித்து எழுதியிருக்கிறது. அத்தையும் ஒரு மோதிரம் போட்டார், அதையும் எழுதியாயிற்று.

தீராமல் நிற்பது அறைச் செலவுதான். பெண்ணின் அண்ணன் வாதம் இது: கல்யாணம் மும்பையில் நடந்தது இரண்டு வீட்டு வசதிக்காகவும்தான். தென்காசியில் வைத்திருந்தால் முலுண்டு ஆட்களைத் தங்க வைக்கும் செலவு யாருக்கு வந்திருக்கும்? ஆகவே 1,60,000 பொதுச் செலவாகவே இருந்திருக்க வேண்டும், தங்களுக்கு 30,000 கூடுதலாக விழுந்துவிட்டது என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இடத்தைத் தீர்மானித்தது இருவரும், ஆக என் விதிப்படியே பார்த்தாலும் அதில் ஒரு பகுதி பொதுவில் வந்திருக்கலாம். முலுண்டு வீடு, எத்தனை பேரை ஊரிலிருந்து கூப்பிடுவது என்று தீர்மானித்தது நீங்கள்தானே என்கிறது. அதுவும் சரிதான். பட்டியலை அவர்கள் குறைத்ததால் இவரும் இதை வற்புறுத்தவில்லை.

ஆவணியில் சயான் வீடு ஊரில் ஒரு விருந்து போட்டது. வர முடியாதவர்களுக்காக, முழுக்கத் தங்கள் செலவில், மொய்யும் தங்களுக்கே. முலுண்டிலிருந்து போனவர்கள் டிக்கெட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தென்காசியில் அறை போட்டுக் கொடுத்தது சயான் வீடு. அந்த விடுதி ரசீதை அண்ணன் எனக்கு அனுப்பியிருக்கிறார், கீழே ஒரு வரியோடு: "இங்க அவங்களை நாங்கதான் தங்க வெச்சோம், குறிச்சுக்கோங்க அண்ணாச்சி."